"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ"

ஒஸ்லோவின் இரண்டாம் இலக்க நிலக்கீழ் ரயில் கிழக்கே எல்லிங்ஸ்ரூடோசனில் தொடங்கி, ஃபுருசெத் வழியாக நகரத்துக்குள் நுழைந்து, மேற்கே ஓஸ்தெரோசில் போய் முடிகிறது. கிழக்கு முனைப் பக்கம் எம்மவர் பலர் குடியிருக்கிறோம். மேற்குப் பக்கத்தில் மொன்தெபெல்லோ என்று ஒரு நிலையம். அங்கே இறங்கினால் ரேடியம் ஆஸ்பத்திரி. 1932இல் திறக்கப்பட்டது, புற்றுநோய் மருத்துவத்துக்கு இந்த நாட்டில் பேர்போனது. மொன்தெபெல்லோவில் இறங்குகிற தமிழர்களில் சிலர் அங்கே வேலைக்குப் போகிறவர்கள். மற்றவர்களும், கேட்டால், வேலைக்குப் போவதாகத்தான் சொல்வார்கள்.

2013ஆம் ஆண்டு மார்கழியில் ஒரு நாள் அந்த நிலைய மேடையில் எனக்குத் தெரிந்த ஒருவரைக் கண்டேன். ஊரில் பக்கத்து ஒழுங்கை. வடக்கே மீன் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை செய்தவர்கள் நாங்கள். ஒளிக்க இடமில்லை.

"என்ன அண்ணை, இஞ்சாலைப் பக்கம்?"

"ஒரு கிளீனிங் அலுவல். நீர்?"

"நானும் அப்பிடித்தான்."

அவருடைய மேலங்கிப் பையிலிருந்து ஆஸ்பத்திரிக் கடிதத்தின் முனை வெளியே தெரிந்தது. என் கையில் மனைவிக்கு எடுத்துப்போன கஞ்சிப் போத்தல். இருவரும் கண்டோம். இருவரும் காணாததுபோலச் சிரித்தோம். அவர் முன்னே நடக்கட்டும் என்று நான் பனியில் பத்து நிமிடம் நின்றேன். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

என் மனைவிக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவருக்கு வயது 47. இந்நாட்டில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மார்பைப் படமெடுத்துப் பார்க்கக் கூப்பிடுவது 50 முதல் 69 வயது வரையான பெண்களைத்தான். ஆகவே கட்டியை அவரேதான் கண்டுபிடித்தார். சொன்னதும் நான் முதலில் கேட்டது என்ன தெரியுமா? வலிக்கிறதா என்றல்ல. "ஆருக்காவது சொன்னனீரோ?" என்று கேட்டேன். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ என்று எங்கள் வீட்டில் முதலில் சொன்னது நான்தான். அதற்குப் பிறகு அந்த வசனத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களைப் பற்றிப் பேசுகிற தகுதி எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

ஏன் சொல்லக்கூடாது? மகளுக்கு அப்போது 15 வயது. நாளைக்கு அவளுக்குச் சம்பந்தம் பேசவேண்டும். "தாய்க்கு அந்த வருத்தமாம்" என்று ஒரு சொல் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பரிசுக்கும் போய்விட்டால் முடிந்தது கதை. ஜாதகம் பார்ப்பதற்கு முன்னாலேயே குடும்பத்தின் மருத்துவ அறிக்கையைப் பார்க்கிற சமூகம் எங்களுடையது. அதிலும் தாய்மாரின் அறிக்கையைத்தான் பார்க்கும். மார்புப் புற்றுநோய்களில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துவரைதான். அந்தப் பரம்பரை அலகு தகப்பன் வழியாகவும் பிள்ளைக்கு வரும். ஆனால் மாப்பிள்ளையின் தகப்பனுக்கு என்ன வருத்தம் என்று எந்தத் தரகர் விசாரித்தார்?

பரம்பரை என்று சொன்னேன். இனி ஒளிப்பு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைச் சொல்கிறேன்.

"உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது?" என்று டொக்டர் கேட்டபோது மனைவி "இல்லை" என்றார். பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்து மாமியார் ஊரில் காலமானார். அந்தியேட்டிக்கு மனைவியும் லண்டனிலிருந்து அவருடைய அக்காவும் வந்திருந்தார்கள். கீரிமலைக்குப் போய்வந்து இருவரும் ஒரே அறைக்குள் சேலை மாற்றினார்கள். அறைக்குள் சத்தமில்லை. பிறகு இரண்டு பேரும் அழுகிற சத்தம். தாய்க்காக அழுகிறார்கள் என்று முற்றத்தில் நின்ற நாங்கள் நினைத்தோம்.

அக்காவுக்கு 2011இலேயே சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது. "தங்கச்சிக்குச் சொல்லிப்போடாதேங்கோ, அவள் தாங்கமாட்டாள்" என்று குடும்பம் முடிவெடுத்திருந்தது. அவருக்குச் சொல்லவேண்டாம் என்று நாங்களும் முடிவெடுத்திருந்தோம். வாரத்துக்கு ஒருமுறை ரெலிபோனில் கதைக்கும் இரண்டு சகோதரிகள், தலைமயிர் கொட்டி, சத்தியெடுத்து, இரவில் நித்திரையில்லாமல் கிடந்த காலமெல்லாம் "சுகமா இருக்கிறம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் பாசமாம்.

2011இல் எங்களுக்குத் தெரிந்திருந்தால்? ஐம்பதுக்கு உட்பட்ட அக்காவுக்கு நோய் என்று குடும்ப வைத்தியரிடம் சொல்லியிருப்போம். மனைவியை முன்கூட்டியே படமெடுத்துப் பார்த்திருப்பார்கள். கட்டி சிறிதாக இருக்கும்போதே பிடித்திருக்கலாம். அக்குளில் நிணநீர்க் கணுக்களை அள்ளி எடுக்கவேண்டி வந்திராமலும் இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். ஆனால் அந்த 'லாம்' என்னை இன்றுவரை விடவில்லை.

டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அதை அவர் ஒளிக்கவில்லை. சொல்லிச் சொல்லிப் பணம் திரட்டித்தான் 1954இல் அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடக்கினார். எழுபது வருடத்துக்கு முந்திய கதை அது. நாங்கள் எங்கே நிற்கிறோம்?

எங்கள் இரட்டை வேடத்துக்கு இன்னொரு சாட்சி தெல்லிப்பழையில் நிற்கிறது. 2011இல் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடைபயணம் போய்த் திரட்டிய பணத்தில் அங்கே புற்றுநோய் ஆஸ்பத்திரி கட்டி 2013இல் திறந்தார்கள். அதற்கு நானும் காசு அனுப்பினேன். அனுப்பியதை நாலு பேருக்குச் சொன்னேன். ஊரில் யாருக்கோ வருகிற புற்றுநோய்க்கு மேடையில் பேசலாம், கொத்துரொட்டி விற்றுக் காசு சேர்க்கலாம். அதே 2013இல் அது என் வீட்டுக்குள் வந்தபோது யன்னற் சீலையை இழுத்துவிட்டேன்.

எங்கள் மரண அறிவித்தல்களைப் பாருங்கள். "சிறிதுகாலம் சுகவீனமுற்றிருந்த" என்று ஒரு வசனம் இருக்கும். எந்தச் சுகவீனம் என்று இருக்காது. நோர்வீஜியரின் பத்திரிகையிலே அதே பக்கத்தைப் பார்த்தால், கடைசிவரை பார்த்த ஆஸ்பத்திரி வார்ட்டுக்கு நன்றி சொல்லியிருப்பார்கள். பூவுக்குப் பதிலாகப் புற்றுநோய்ச் சங்கத்துக்குப் பணம் கொடுங்கள் என்று போட்டிருப்பார்கள். 2003 டிசம்பரில் இந்நாட்டு மன்னர் ஐந்தாம் ஹாரால்டுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் என்று அரண்மனையே அறிவித்தது. அடுத்த ஏப்ரல் வரை மன்னர் சுகவீன விடுப்பில் இருந்தார், இளவரசர் பொறுப்பைப் பார்த்தார். அந்த இடைக்காலத்திலேயே, 2004 ஜனவரியில், முடிக்குரிய பேர்த்தியும் பிறந்தாள். அரசவம்சத்துக்கு வராத மானக்கேடு கொக்குவிலுக்கும் கோண்டாவிலுக்கும் எப்படி வந்தது?

நோர்வீஜியர்கள் மேலான மனிதர்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்களுக்குரியதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் என் மகளிடம் வருகிறேன். முடிவு சொல்லக் கூப்பிட்ட நாளில் எனக்கு வேலை. வேறு யாரையும் துணைக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். மகளை அனுப்பினேன். அந்த ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் வந்திருக்கவில்லை. பிள்ளைதான் நல்ல நோர்வீஜியன் கதைக்கிறாளே என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். ஆக, தாய்க்குப் புற்றுநோய் என்பதைத் தாய்க்குச் சொன்னது பதினைந்து வயதுப் பிள்ளை. டொக்டர் சொன்ன சொல்லுக்கு அவளிடம் தமிழ் இருக்கவில்லை. "அம்மா, அது நல்லதில்லையாம்" என்றிருக்கிறாள். பிறகு டொக்டரிடம் தானாக ஏதோ கேட்டிருக்கிறாள், அவர் ஏதோ சொல்லியிருக்கிறார், அதை அவள் மொழிபெயர்க்கவில்லை. என்ன கேட்டாள் என்பது பத்து வருடம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியும். "அம்மா செத்துப்போவாவோ?" என்று கேட்டாளாம்.

பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக வைத்திருப்பதை இந்நாட்டுச் சட்டம் 2016இல் தடைசெய்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டம் அதை மேலும் இறுக்கியிருக்கிறது. பெற்றோர் நோயாளியானால் பிள்ளைகளுக்கு என்ன தேவை என்று மருத்துவ ஊழியர் பார்த்தாகவேண்டும் என்ற கடமை 2010இலிருந்தே உண்டு. எங்களிடமும் ஒரு நேர்ஸ் கேட்டார். "பிள்ளை நல்லாய்த்தான் இருக்கிறா, படிப்பில் கெட்டிக்காரி" என்று நான் பதில் சொன்னேன். பாடசாலைக்கும் சொல்லவில்லை. இன்றைக்கும் "வேற்று ஆள் வந்தால் கதை வெளியில போயிடும்" என்று மொழிபெயர்ப்பாளரை வேண்டாம் என்று சொல்லி, பிள்ளையைக் கூட்டிப்போகிறவர்களை எனக்குத் தெரியும். மொழிபெயர்ப்பாளர் வாய்திறந்தால் சட்டப்படி குற்றம். பிள்ளைக்கு வாயை மூடப் பழக்கினால் அது என்ன?

சரி, வைத்தியம் முடிந்தது. கத்தி, கீமோ, கதிர், பிறகு வருடக்கணக்கில் குளிசை. "இப்ப முழுக்கச் சுகம்தானே?" என்ற கேள்வி தொடங்கியது. தெரிந்துகொண்ட ஒருசிலரும் அதைக் கேள்வியாகக் கேட்பதில்லை, கட்டளையாகக் கேட்பார்கள். எங்களுக்குத் தெரிந்த நாடகத்தில் இரண்டு காட்சிதான். ஒன்று செத்தவீடு. மற்றது கோயிலில் நேர்த்தி தீர்த்து முடிகிற சுகம். இரண்டுக்கும் நடுவில் ஒரு நீண்ட சீவியம் இருக்கிறது என்பது எங்கள் அகராதியில் இல்லை. இந்த நாட்டில் ஒருகாலத்தில் புற்றுநோய் வந்து இன்று உயிரோடிருப்பவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேல். மொத்தச் சனத்தொகையே ஏறத்தாழ 55 இலட்சம். பின்விளைவுகளுக்கு 'சேன்ஸ்காடெர்' என்று அவர்களிடம் ஒரு சொல்லாவது இருக்கிறது.

என் மனைவியின் பின்விளைவுகளைச் சொல்கிறேன். கணுக்களை எடுத்த கை வீங்கும். இறுக்கமான கையுறை ஒன்றை மணிக்கட்டிலிருந்து தோள்வரை போடவேண்டும், அது வெள்ளைத்தோல் நிறத்தில் வந்தது. கோயிலுக்கு நீளக்கைச் சட்டை. விரல் நுனிகள் விறைத்துப்போய் ஊசியில் நூல் கோர்க்க முடியாது, கறிவேப்பிலை உருவினால் உருவினது தெரியாது. களைப்பு. இது வேலை செய்து வருகிற களைப்பு அல்ல, படுத்தெழும்பினாலும் போகாத களைப்பு. கதைத்துக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்துபோகும், முதலில் நோர்வீஜியச் சொல், பிறகு தமிழ்ச் சொல்லும். குளிசையால் மூட்டு நோ. வருடாந்தப் பரிசோதனைக்கு ஒரு மாதத்துக்கு முன்பே வீட்டில் யாரும் உரத்துக் கதைக்கமாட்டோம். படுக்கையறையைப் பற்றி இந்த இடத்தில் நான் எழுதிய இரண்டு வரியை மனைவி வெட்டிவிட்டார்.

வெட்டியது அவருடைய உரிமை. அதையும் சொல்லத்தான் வேண்டும். தன் உடம்பைப் பற்றி யாருக்குச் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பது நோயாளியின் தீர்மானம். இந்தக் கட்டுரையும் அவர் வாசித்துச் சம்மதித்த பிறகே வருகிறது. நான் எதிர்ப்பது அவர் தீர்மானிக்கும் முன்பே அவருக்காக நாங்கள் தீர்மானித்ததை. அந்தரங்கம் வேறு, வாய்க்கட்டு வேறு.

அவர் துப்புரவு வேலை செய்தவர். எம் பெண்கள் கணிசமானோர் செய்வது துப்புரவும் சமையற்கூடமும் முதியோர் இல்லமும் சிறுவர் பூங்காவும்தான். எல்லாம் கையை நம்பிய வேலை. கணினிக்கு முன் இருப்பவருக்கு வீங்கிய கை ஒரு தொந்தரவு. தரை துடைப்பவருக்கு அது தொழிலின் முடிவு. சுகவீனச் சம்பளம் 52 வாரம். அதன்பிறகு வேலைத்தகைமையை மதிப்பிடும் காலத்துக்கான உதவிப்பணம், முந்திய வருமானத்தின் 66 வீதம். "நாவ்காரன் சும்மா காசு குடுக்கிறான், அவ வீட்டிலை சொகுசாய் இருக்கிறா" என்று எங்கள் ஆட்கள் கதைத்தது காதில் விழுந்தது. கையை ஒளித்தால் சோம்பேறி என்கிறார்கள்.

காட்டினால்? அதுவும் நடந்தது. அக்காவோடு அழுதுவிட்டு வந்த மனைவி, இனி ஒளிக்கமாட்டேன் என்று முடிவெடுத்து நாலு பேருக்குச் சொன்னார். அடுத்த மாதம் ஒரு சாமத்தியவீட்டில் ஆலாத்தி எடுக்க அவரையும் கேட்டிருந்தார்கள். மண்டபத்துக்குப் போனபோது அவருடைய இடத்தில் வேறொருவர் நின்றார். "உங்களுக்குக் கை ஏலாதெண்டுதான் அக்கா" என்றார்கள். ஆலாத்தித் தட்டு என்ன நிறை? ஆகவே சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று நோயாளிகளைப் பார்த்து மட்டும் உபதேசம் பண்ண எனக்கு மனமில்லை. சொன்னவரை மேடையிலிருந்து இறக்குகிறவர்களே, உங்களுக்குத்தான் இது. முட்சீத்தா இலையை அவித்துக் குடித்தால் கீமோ தேவையில்லை என்று வட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களே, "போன பிறப்பின்ரை வினை" என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர்களே, விசுவாசம் போதாது என்று ஜெபக்கூட்டத்தில் அழவைக்கிறவர்களே, உங்களுக்கும்தான்.

பராமரிப்பவர்களுக்கு வருகிறேன். இந்நாட்டில் அவர்களுக்கு 'போரெரென்டெ' என்று பெயர். அந்தச் சொல்லுக்குள் தொடுதல் என்ற வேர் இருக்கிறது. நோய் யாரைத் தொடுகிறதோ அவரும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். எம்மிடம் அப்படி ஒரு சொல் இல்லை. இருப்பது 'கடமை'. அதுவும் பெண்ணுக்கு. மனைவிக்குக் கஞ்சி காய்ச்சினேன் என்பதற்காக என்னைப் புகழ்ந்தார்கள். "பொம்பிளை மாதிரிப் பார்க்கிறான்" என்றார்கள். புருஷனுக்குப் பத்து வருடம் மலப்பை மாற்றிவிடுகிற ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். ஒரு சனம் புகழவில்லை. உண்மையைச் சொன்னால் என் கஞ்சி இரண்டு மாதம்தான் ஓடியது. அதன்பிறகு சமைத்தது மகள்.

நோர்வேஜிய அரசுக்கும் ஒன்று சொல்லவேண்டும் என்றேன். சாகப்போகிற ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்தால் 60 நாளுக்குச் சம்பளத்துக்கு ஈடாகப் பணம் தருகிறது. பிழைத்த வாழ்க்கைத்துணையைப் பார்க்க வேலைச்சட்டம் தருவது வருடத்தில் 10 நாள் விடுப்பு, அதற்குச் சம்பளம் தரவேண்டும் என்றில்லை. கொம்யூன் மனம்வைத்தால் பராமரிப்பு உதவிப்பணம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். சாவுக்குக் காசு, பிழைப்புக்குக் கையிருப்பு. புற்றுநோய் இருப்பாளர் பல கொம்யூன்களில் உண்டு, ரேடியம் ஆஸ்பத்திரியிலேயே நோயாளியும் குடும்பமும் வந்திருந்து கதைக்க 'வார்டெசென்டர்' என்று ஒரு இடம் உண்டு. மலைப்பாதையில் வழிகாட்டக் குவித்துவைக்கும் கற்குவியலுக்கு 'வார்டெ' என்று பெயர். நல்ல இடம். எம்மவர் எவரையும் நாங்கள் அங்கே கண்டதில்லை. எங்கள் கண்ணில் பட்டுவிடுவோம் என்று அவர்கள் வராமலிருந்திருக்கலாம்.

இங்கே பேராசிரியர் பேர் ஃபுகெல்லி என்று ஒரு மருத்துவர் இருந்தார். 2009இல் குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. 2017இல் இறக்கும்வரை நோயோடு வாழ்வதைப் பற்றியும் சாவைப் பற்றியும் பகிரங்கமாகப் பேசினார், எழுதினார். மனிதனுக்கு அவனுடைய கூட்டம் வேண்டும், மந்தை வேண்டும் என்பது அவர் திரும்பத்திரும்பச் சொன்னது. தனித்தனியாக வாழ்ந்து பழகிய நோர்வீஜியர்கள் அதைப் புதிய ஞானம்போலக் கேட்டார்கள். எங்களுக்கு மந்தைக்கா பஞ்சம்? பிறந்தநாளுக்கு முந்நூறு பேர், பூப்புனித நீராட்டுக்கு ஐந்நூறு பேர். அந்த மந்தையைக் கண்டுதான் நோயாளி ரயில் நிலையத்தில் தூணுக்குப் பின்னால் ஒதுங்குகிறார்.

மகளுக்கு இப்போது இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. இரண்டு சகோதரிகளின் கதையும் தெரிந்தபிறகு பரம்பரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு என்ன என்பது அவளுடைய சொத்து, இங்கே எழுதமாட்டேன். தானே தேடிக்கொண்ட பெடியனுக்கு முதல் மாதமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். நாங்கள் எட்டு வருடம் பயந்துகொண்டிருந்த அந்தச் சம்பந்தம். "அம்மாவுக்கு இப்ப எப்படி?" என்றுதான் அவன் கேட்டானாம்.

மொன்தெபெல்லோவில் கண்டவரின் மரண அறிவித்தலை 2016இல் பார்த்தேன். சிறிதுகாலம் சுகவீனமுற்றிருந்தாராம். செத்தவீட்டுக்குப் போனேன், ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தொன்று முடிந்து ஆட்கள் குறைந்தபிறகு மனைவியையும் கூட்டிக்கொண்டு போய், அன்றைக்கு அவரைக் கண்டதையும் நான் பனியில் ஒதுங்கி நின்றதையும் அவருடைய மனைவிக்குச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"தனியவோ நிண்டவர், அண்ணை?" என்று கேட்டார். "தெரிஞ்ச ஒரு ஆள் கூட வாறதெண்டு எனக்குச் சொன்னவர். அதாலைதான் நான் வேலைக்குப் போனனான்."

கொஞ்ச நேரம் கழித்து, "ஒருத்தருக்கும் சொல்லவேண்டாமெண்டு சத்தியம் வாங்கினவர். நாலு வருசம் நான் வாய் திறக்கேல்லை. இப்ப அவரும் இல்லை. நான் ஆரோடை இதைக் கதைக்கிறது?" என்றார்.

என் மனைவி நீளக்கைச் சட்டையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தார். நான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி வைத்தேன். அடுத்த சனிக்கிழமையும் மனைவி அங்கே போனார். இப்போதும் போகிறார்.